ஏழாவது கேள்வி

ஜூன் 4, செவ்வாய்

அரை நாள் விடுப்பு போட்டு அண்ணனை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலி ஆடுகிறது, மின்விசிறி முனகுகிறது, டீ ஆறிப்போய்விட்டது, நமக்கு அப்புறம் வந்தவன் நமக்கு முன்னால் உள்ளே போகிறான் — அண்ணன் ஒன்று விடாமல் குறை சொன்னான். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து அடுத்த வரிசைக்கே போய்விட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அவனுக்குக் கால் இரண்டும் எரிகிறது. சர்க்கரை வியாதி நரம்பைக் கெடுத்துவிட்டது என்கிறார் டாக்டர். போர்வை பட்டால் கூடக் கத்துகிறான். நான் வேலை பார்க்கிற மருந்து ஆராய்ச்சியிலேயே சேரச் சொன்னார். நான் நாள் முழுக்கப் போனில் ஒப்பிக்கிற அதே பாடத்தை இன்னொருவர் வாயால் கேட்க வேடிக்கையாக இருந்தது. மாத்திரை இரண்டு. பழையது வலியைப் பாதி குறைக்கும், ஆனால் தலை சுற்றும், வாய் காயும். இன்னொன்று புதிது. ஆய்வகத்தில் இரண்டும் தேறிவிட்டன. சமைத்து, பஸ் ஏறி, கடைக்குப் போய் வாழ்கிறவர்களுக்கு எது நிஜமாக உதவுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அப்புறம் மாதம் ஒரு போன், ஏழு கேள்வி. கேட்கிற எங்களுக்கு யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் காது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

"அப்போ இவளே எனக்கு போன் போடுவாளா? வீட்ல கேக்கற கேள்வி பத்தாதா?" என்றான் அண்ணன்.

சொந்தக்காரர்களை நாங்கள் கூப்பிடக்கூடாது, அடுத்த மேசைக்காரி கூப்பிடுவாள் என்றேன்.

"நல்ல பொண்ணா?"

"நல்ல பொண்ணு."

"பாவம்," என்றான்.

குலுக்கலில் அவனுக்கு விழுந்தது புதுசு.

ஜூன் 9, ஞாயிறு

எதிரே மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பந்தாட்டம். கால் எரிச்சலோடு தடியை ஊன்றிக்கொண்டு போய்க் கோட்டோரம் நின்று நடுவரைத் திட்டிவிட்டு வந்தான். பிள்ளைகள் அவனுக்கு "மூணாவது நடுவர்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். வந்து படுத்தவன் சாயங்காலம் வரை வலியில் முனகினான். ஏன் போகிறாய் என்று கேட்டால், "போகாம?" என்கிறான்.

ஜூன் 18

அடுத்த மேசைக்காரி கேட்டாள்: "அக்கா, இந்த ஏழாவது கேள்விய யாரு எழுதினது? மத்த ஆறும் சும்மா மாதிரி இருக்கு, எல்லா மார்க்கும் இதுக்கே போகுது."

எங்கள் அண்ணன்தான் என்றேன். நம்பவில்லை. நிஜம்தான். போன வருஷம் கேள்விகளை முடிவு செய்ய நோயாளிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். எத்தனை படி ஏறினீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று மேலாளர் வாசித்துக்கொண்டே போனார். அண்ணன் எழுந்தான். "படிய எண்ணி நான் என்ன பண்றது? நான் செய்யணும்னு நெனச்சத வலி செய்யவிட்டுதா இல்லையா, அத கேளுங்க." அத்தனை பேரும் கை தட்டினார்கள். மேலாளரே தட்டினார். அப்படி வந்ததுதான் ஏழாவது கேள்வி: "கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் செய்ய விரும்பியதைச் செய்யவிடாமல் வலி உங்களைத் தடுத்ததா?" வலி எவ்வளவு என்றும் கேட்கிறோம். ஆனால் எந்த மாத்திரை மேல் என்று தீர்ப்புச் சொல்லப்போவது இதுதான்.

மருந்தின் மதிப்பை நோயாளியே சொல்லட்டும் என்று மேலாளர் போகிற இடமெல்லாம் பேசுகிறார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

ஜூன் 27

ஆறிப்போன டீயை அண்ணன் குடித்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இந்த வீட்டில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மறுபடியும் ஸ்கூட்டரை நம் கேட்டை மறித்து நிறுத்தியிருந்தான். அண்ணன் ஜன்னலில் இருந்து பார்த்தான், திரும்பிக்கொண்டான். போன மாதமாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். தூங்கினேன். பாத்திரம் கழுவும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

புது மாத்திரை வாழ்க.

மைதானத்தில் ஆட்டம் நடந்தது. "போகலையா அண்ணா?" என்றேன். "போகலாம்," என்றான். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஜூலை 16

நமக்குத் தெரியக்கூடாதுதான். ஆனால் காதை என்ன செய்வது?

இப்போதெல்லாம் இரண்டாவது கேள்விக்குள் எனக்குத் தெரிந்துவிடுகிறது, யார் எந்த மாத்திரை என்று. பழையதுகாரர்கள் திட்டுகிறார்கள். தலை சுற்றுகிறது, வாயெல்லாம் பாலைவனம், உங்கள் ஆராய்ச்சியில் இடி விழ. அப்புறம் திட்டு முடிந்ததும் மகள் கல்யாணம், மாடித் தோட்டத்தில் அணில் தொல்லை, நேற்று மாவு மில்லில் ஒரு சண்டை என்று வைக்க மனசில்லாமல் பேசுகிறார்கள். ஏழாவது கேள்விக்கு வந்தால், "தடுத்துச்சு, ஆமா, பேத்தியத் தூக்கவே முடியல" என்று மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. மரியாதையாகப் பேசுகிறார்கள். கேட்டதற்குப் பதில். வலி எவ்வளவு? இருக்கு. தூக்கம்? வருது. தடுத்ததா? இல்ல. வைக்கட்டுமா என்று கேட்கக்கூட மாட்டார்கள். நான் வைக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்று ஒருவர் அப்படி "இல்ல" என்றதும் பின்னாலிருந்து அவர் மனைவி குரல். "என்ன இல்ல? காலைல இருந்து அதே நாற்காலியில குந்திகிட்டு..." பதிலைச் சொல்ல வேண்டியது நோயாளி. மனைவியின் குரலுக்கு எங்களிடம் கட்டம் கிடையாது. "இல்லை" என்று போட்டேன். மாத்திரைக்கு முழு மார்க்.

ஜூலை 28, ஞாயிறு

மைதானத்துப் பிள்ளைகளில் ஒருத்தன் கேட்டருகே வந்து, "நடுவர் தாத்தா ஏன் வர்றதில்ல?" என்று கேட்டான். உடம்பு சரியில்லை என்றேன். உடம்பு சரியில்லாமல்தானே அத்தனை வருஷமும் போனான்.

ஆகஸ்ட் 6



வேலை முடிந்து வந்தேன். கூடத்தில் இருந்து சமையலறை வரை, அங்கிருந்து அவன் அறை வரை தரையில் காலடி காலடியாகச் சிவப்பு. கண்ணாடி டம்ளர் உடைந்து கிடந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்காலில் சில்லு.

"அய்யோ, பாக்கலையா நீ?"

"பாத்தேன்."

"தெரியலையா, மரத்துப்போச்சா?"

"இல்லையே. வலிச்சுது."

"அப்புறம் ஏன் எனக்கு போன் பண்ணல?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "பண்ணணுமா?" என்றான்.

சில்லை எடுத்துக் கட்டுப்போட்டேன். சர்க்கரைக்காரன் கால், நாளைக்கே ஆஸ்பத்திரி. கட்டுப்போடும்போது கேட்டேன், எரிச்சல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று.

"குறையல. முன்ன மாதிரிதான் இருக்கு."

"முன்ன மாதிரியே எரியுதா?"

"ஆமா. ஆனா பரவாயில்ல."

எத்தனை நாளாக இவன் இப்படி எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்? நான் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினேனே. பாவி. மாத்திரை வலியைத் தொடவே இல்லை. வேறு எதையோ எடுத்துவிட்டது.

ஆகஸ்ட் 7

பஸ்ஸில் போகும்போதுதான் பளிச்சென்று புரிந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

நீங்கள் செய்ய விரும்பியதை வலி தடுத்ததா? இல்லை. எப்படித் தடுக்கும்? அவன்தான் எதையுமே விரும்பவில்லையே. எங்கேயும் போக நினைக்காதவனை எந்த வலி மறிக்கும்? முழு மார்க் வாங்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. நம் கேள்வியின் சந்து வழியாகவே நுழைந்துவிட்டது அந்த மாத்திரை.

கேள்வியைக் கொடுத்தது இவன். ஐயோ.

ஆகஸ்ட் 9

மேலாளரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர். கதவைச் சாத்திவிட்டு முழுசாகக் கேட்டார். இடைக்காலக் கணக்கைத் திருப்பிக் காட்டினார். வலி பழையதில் குறைந்திருந்தது, புதியதில் குறையவில்லை. ஆனால் ஏழாவது கேள்வியில் புதியது எங்கேயோ மேலே போய்விட்டது. "இதுதாங்க ஆச்சரியமே. வலி இருந்தும் வாழ்க்கை தடைபடல. இத்தன வருஷமா நாம தேடினது இதுதானே?"

"வாழ்க்கையே இல்ல சார், அதான் தடைபடல."

"உங்க அண்ணன் ஒருத்தர வெச்சு சொல்றீங்க."

"போன்ல கேக்கறேன் சார். புதுசு சாப்பிடறவங்க எல்லாருமே அப்படித்தான்."

அவர் முகம் மாறியது. "யார் எதைச் சாப்பிடறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 தெரிந்தால் காது சாய்ந்துவிடும் — நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் காது சாய்ந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சந்தேகத்தைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். குறித்துக்கொண்டார், நான் பார்க்கவே.

ஆகஸ்ட் 20

இன்று முதல் எட்டாவதாக ஒன்று கேட்கிறேன். சரியாகச் சொன்னால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். "நேத்து என்ன செஞ்சீங்க?" அவ்வளவுதான். தாளில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்பது சட்டம். எல்லா அழைப்பும் பதிவாகிறது. இருக்கட்டும்.

திட்டுகிற கூட்டம் நேற்றைக் கொட்டித் தீர்த்தது. ஒரு தச்சர் கட்டில் கால் செதுக்கியதை அரை மணி சொன்னார்.

மரியாதையாகப் பேசுகிற கூட்டத்தில் — மௌனம். "உக்காந்திருந்தேன்." "ஒண்ணும் இல்லீங்க." தையல் ஆசிரியை ஒருவர், ஆரம்பத்தில் ஜாக்கெட் கழுத்து வெட்டுவது பற்றி எனக்கே பாடம் எடுத்தவர். நேற்று என்ன செய்தீர்கள் என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "நேத்து... நேத்து இருந்துச்சு," என்றார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்து ஏழாவதைக் கேட்டேன், தடுத்ததா என்று. வழக்கமாக டக்கென்று "இல்ல" வரும். இன்று வரவில்லை. "தெரியலயே," என்றார். அழுகிற மாதிரி இருந்தது. 

ஆகஸ்ட் 30

நேற்றைப் பற்றிக் கேட்டால், பாதிப்பேருக்கு ஏழாவது பதில் மாறுகிறது. "ஆமா, தடுக்குதோ என்னமோ" என்கிறார்கள். கதவைத் தட்டினால் உள்ளே யாரோ அசைகிற சத்தம் கேட்கிறது. இருக்கிறார்கள். போய்விடவில்லை.

செப்டம்பர் 5

அண்ணனை ஆராய்ச்சியிலிருந்து விலக்கச் சொல்லி டாக்டரிடம் நின்றேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணமே சொல்ல வேண்டாம் என்பது விதி. அவர் நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரைய நிறுத்தணும்னு நெனக்கறீங்களா?"

"நிறுத்தலாம்."

"நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணுதா?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

"தொடரணுமா?"

"அவ இஷ்டம்," என்று என்னைக் காட்டினான்.

டாக்டர் கையை விரித்தார். "இதுல உங்க இஷ்டம் செல்லாதும்மா. புத்தி தெளிவா இருக்கு, பேச்சு தெளிவா இருக்கு. விலகணும்னா அவரே சொல்லணும்." அவர் சொல்வதும் நியாயம்தான். நோயாளிக்குப் பதில் சொந்தக்காரர் முடிவெடுத்த காலத்தை ஒழிக்கத்தானே இந்த விதியே வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், "அண்ணா, ஒரு தடவ சொல்லேன், எனக்கு வேணாம்னு," என்று கெஞ்சினேன்.

"சொல்றேன்," என்றான். "எப்ப சொல்லணும்?"

எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி நான் எதற்கும் பயந்ததில்லை.

செப்டம்பர் 24

பதிவுகளைக் கேட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 3

நான் கூடுதல் கேள்வி கேட்ட அழைப்புகள் அத்தனையும் கணக்கிலிருந்து நீக்கம். விதி அப்படி. கேள்வித்தாளை மீறினால் அந்தப் பதில் பதிலே இல்லை. என்னை உறை ஒட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். வேலையை விட்டுத் துரத்தாததே மேலாளரின் நல்ல மனசு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மேசைக்காரி காபி மிஷின் பக்கத்தில் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உங்க கால்ஸ எடுத்த பிறகு புதுசு இன்னும் மேல போயிடுச்சு. புதுசுல 'ஆமா'ன்னு சொன்னவங்க எல்லாம் உங்க லிஸ்ட்லதான் இருந்தாங்க."

காபியைக் குடிக்க முடியவில்லை. தட்டித் தட்டி எழுப்பியவர்களை நானே குழி தோண்டிப் புதைத்திருக்கிறேன்.

"எங்க அண்ணன் உன்கிட்ட என்ன சொல்றான்?" என்று கேட்டேன். சொல்லக்கூடாது அவள். சொன்னாள். "ரொம்ப நல்லவருக்கா. ஒரு தொந்தரவும் கெடையாது."

நவம்பர் 19

முடிவு வந்துவிட்டது. புதியது வென்றது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மேலாளர் பேசினார், நோயாளியின் குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று. எனக்கும் ஒரு துண்டு வந்தது. காகிதத்தட்டோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

பழைய மாத்திரையை ஆஸ்பத்திரிகள் இனி வாங்காது. இருப்பு தீர்ந்ததும் எல்லாரையும் மாற்றிவிடுவார்கள். தச்சரையும்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்துவிட்டேனா? மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது, "தங்கள் கருத்துக்கு நன்றி." பத்திரிகைக்காரர் ஒருவரிடம் பேசினேன். "நோயாளிங்க யாராச்சும் புகார் சொல்றாங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவர் என்ன செய்வார், பாவம்.

டிசம்பர் 2

அண்ணனின் மாத்திரைப் பெட்டியை வாராவாரம் நிரப்புவது நான்தான். எத்தனை, எது என்று அவன் பார்ப்பதில்லை. சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. சிறிது சிறிதாகக் குறைக்கலாம் என்று மருந்து உறைக்குள் இருக்கிற தாளிலேயே போட்டிருக்கிறது.

இன்று கத்தியால் பாதி பாதியாக வெட்டினேன். அவனைக் கேட்கவில்லை. கேட்டு என்ன பிரயோஜனம்? சரி என்பான். கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

இது தப்பு என்று தெரிந்துதான் செய்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 17

இன்னும் பாதி. ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலி, சுவர் பக்கம் பார்வை.

ஜனவரி 5, ஞாயிறு

"இதென்ன டீயா, கழனித்தண்ணியா?"

டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிட்டு அவன் முன்னால் நின்று அழுதேன். பைத்தியமா நீ என்றான். ஆமாம் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மைதானத்துக்குப் போனோம். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ஒரு தகராறு. அண்ணன் தடியைத் தூக்கிக்கொண்டு, "யோவ், கண்ண எங்கய்யா வெச்சிருக்க?" என்று கத்தினான். பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள். நான் கோட்டோரம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நல்ல நாட்களை எண்ணினால் இது கட்டாயம் வரும்.

திரும்பி வரும்போது நடை தளர்ந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எரியுதுடி," என்றான். பரவாயில்லை என்று சேர்க்கவில்லை.

ஜனவரி 20

மருந்துக்கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய மாத்திரை இல்லை. "ஆஸ்பத்திரியே வாங்கலம்மா, கம்பெனிக்காரன் அனுப்பறத நிறுத்திட்டான்." ஒரு கடையில் ஒரே ஒரு அட்டை, அதுவும் காலாவதியாகிவிட்டது.

பாதி வலியைக் குறைத்து ஆளை விட்டுவைக்கிற மாத்திரை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இவனிடமிருந்து புதியதை எடுத்துவிட்டால் பழையதைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று என்ன தைரியத்தில் நினைத்தேன்? அது நிற்கப்போகிறது என்று எனக்குத்தான் முதலில் தெரியும். ஆஸ்பத்திரிகளுக்குப் போன முடிவுக் கடிதங்களுக்கு உறை ஒட்டியதே நான்தானே. வெட்டுவதற்கு முன் வாங்கி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இவனைத் திரும்பக் கொண்டுவருவது ஒன்றுதான் கண்ணில் இருந்தது. கொண்டுவந்து எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்கவில்லை.

ஜனவரி 29

கத்துகிறான். பக்கத்து வீட்டுக்காரன் வந்து எட்டிப் பார்த்தான், ஸ்கூட்டரைத் தானாகவே நகர்த்தினான். டாக்டர் ஊசி போட்டார், ஒரு மணி நேரம் தாங்கியது. வேறு என்னென்னவோ எழுதிக் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை. என்னிடம் தனியாக, "நல்லா இருந்தவருக்கு திடீர்னு ஏன் இப்படி?" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார். அப்புறம், "தப்பு பண்ணிட்டீங்கம்மா," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

பிப்ரவரி 8

இன்று அண்ணன் கேட்டுவிட்டான்.

"மாத்திரைய மாத்திட்டியா?"

"குறைச்சேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணா. அவ இஷ்டம்னு டாக்டர் முன்னாலயே சொன்ன."

"அது நான் சொன்னதா?"

 வேர்வையில் அவன் சட்டை ஒட்டியிருந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு எரிச்சலின் அலை போவதற்குக் காத்திருந்தான். அப்புறம் தெளிவாகப் பேசினான், அவன் பழைய குரலிலேயே.

"நீ என்னமோ நான் செத்துக் கெடந்தேன்னு நெனச்சுட்ட. எல்லாம் தெரிஞ்சுது எனக்கு. இந்த நெருப்பு அப்பவும் இருந்துச்சு. ஆனா அது யாரோட காலோ. இப்ப என் கால். குடு."

"அண்ணா, அத சாப்பிட்டா நீ..."

"தெரியும். எனக்குத் தெரியாதா? நான்தான உள்ள இருந்தேன். இப்ப நான் சொல்றேன், நானே சொல்றேன். எனக்கு அது வேணும்."

எட்டு மாதத்தில் அவன் வேண்டும் என்று கேட்ட முதல் பொருள்.

டாக்டருக்கு போன் போட்டேன். "அவரே சொல்றாரா?" என்று கேட்டார்.

"அவனேதான் சொல்றான்."

"அப்போ குடுங்க," என்றார்.

கொடுத்தேன்.

பிப்ரவரி 10

முழுசாகப் பிடிக்கச் சில நாள் ஆகும். நடுநடுவே எரிச்சல் இறங்குகிறபோது பேசுகிறான். என்னைத் திட்டினான், வயிறாரத் திட்டினான். அப்புறம் அடிபட்ட கையைத் தூக்குகிற மாதிரி என் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழம கடலுக்குப் போகலாமா?" என்றான். "தண்ணியில கால விட்டுட்டு உக்காரணும்போல இருக்கு. காருக்குச் சொல்லு. முன்னாடி சீட் எனக்கு. போன தடவ மாதிரி டப்பா வண்டியா இருந்தா ஏற மாட்டேன்."

சொன்னேன். வெள்ளை வண்டி, புதுசு, காலை ஏழு மணிக்கு.

பிப்ரவரி 13

கத்தல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சட்டை போடுகிறாய் என்று கேட்டேன். நீலம் என்றான். நீலத்தைத் துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 15

நீலமா, கட்டமா என்று மறுபடி கேட்டேன். "எதாச்சும்," என்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழுக்கெல்லாம் வண்டி வந்துவிட்டது. அண்ணனுக்கு நீலச் சட்டையைப் போட்டுவிட்டேன், போட்டுக்கொண்டான். தலை வாரிவிட்டேன். துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்று வேட்டி எல்லாம் பையில்.

"போகலாமா அண்ணா?"

"போகலாம்," என்றான். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கையைப் பிடித்து எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் வருவான். முன்சீட்டில் உட்காரவைத்தால் உட்காருவான். தண்ணீரில் காலை வைத்தால் வைத்திருப்பான். நான் எடு என்கிற வரை எடுக்க மாட்டான். கடலுக்குப் போகிறது நானாகத்தான் இருக்கும்.

ஹாரன் அடித்தது. வெளியே போனேன். நல்ல வண்டிதான், அவன் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டுநர் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"பெரியவர் வரலையாம்மா?"

"வரலைங்க."

"கால் வலின்னு போன்ல சொன்னீங்களே. வலியாலதான் வர முடியலையா?"

"இல்லை," என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.